வுழூச் சுவரில் ஒரு பறவை

எங்கள் பள்ளிவாசலில் வுழூச் செய்யும் இடத்துச் சுவருக்கு டைல் பதிப்பது என்று தீர்மானித்தபோது, அதில் மிருகங்கள் வந்து குடியேறும் என்று சபையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் கூட்டக் குறிப்பில் நான் அதற்கும் ஒரு வரி சேர்த்திருப்பேன்.

எங்கள் ஊர் தில்லையடியில் நிலத்தடி நீரும் உப்பு, காற்றும் உப்பு. தொழுகைக்கு முன் வரிசையாக உட்கார்ந்து கை, முகம், கால் கழுவுகிற இடம் அது. ஒரு நீண்ட சுவர், அதில் குழாய்கள், ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் உட்கார ஒரு சீமெந்துக் கட்டை. உட்கார்ந்தால் சுவர் முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் இருக்கும். றமழானுக்கு முன் வெள்ளையடிப்போம். ஹஜ்ஜுப் பெருநாள் வருமுன் அது பொருக்குப் பொருக்காக உரிந்து, கழுவிக்கொண்டிருப்பவரின் மடியில் விழும். இப்படிப் பல வருடங்கள் போயின. வெள்ளையடிப்பதற்கான தீர்மானத்தைச் சபை ஆண்டுதோறும் ஏகமனதாக நிறைவேற்றியது.

நான் அந்தப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் செயலாளர். பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவனை ஊர் சும்மா இருக்க விடாது. 'ஒழுங்குமுறை தெரிஞ்ச ஆள்' என்று சொல்லித்தான் என்னைப் பிடித்தார்கள். உண்மையில் அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. எந்த விடயத்துக்கு எத்தனை விலைமனு, எதற்கு உபகுழு, எதை வாய்ப் பேச்சோடு விட்டுவிடலாம், எதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சுவரில் ஏன் வர்ணம் நிற்கவில்லை என்று கேட்டால் தெரியாது.

டைல் என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு இளைஞர். இளைஞர் என்கிறேன், நாற்பதை நெருங்குகிறார். பகலில் புத்தளம் நகரத்தில் பதாகை அச்சடிக்கும் கடையில் வேலை. மாலையில் வீட்டில் கணினிக்கு முன் உட்கார்ந்து கோலங்கள் உண்டாக்குவார். வரைவார் என்று சொல்லக் கூடாதாம். ஒரு விதியைக் கொடுத்துவிட்டால் கணினியே அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு போகுமாம். அவருடைய மனைவி களிமண் வேலை செய்கிறவள். கலியாணத்துக்கு முன் தெற்கே ஒரு பீங்கான் தொழிற்சாலையில் இருந்து பழகியவள். இப்போது வீட்டுப் பின்புறத்துக் கொட்டிலில் ஒரு சக்கரமும் ஒரு கேஸ் சூளையும் வைத்துக்கொண்டு, கண்டக்குழிக் கடற்கரை விடுதிகளுக்குக் கோப்பை, தட்டுச் செய்து அனுப்புகிறாள். காற்றில் பட்டம் கட்டிக் கடலில் வழுக்கி ஓட வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கோப்பை கொஞ்சம் கோணலாக இருக்க வேண்டுமாம். நேராக இருந்தால் கையால் செய்தது என்று நம்ப மாட்டார்களாம்.

அந்த மனிதர் ஒரு நாள் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு சபையின் முன் தன் ஃபோனை நீட்டினார். திரையில் ஒரு நட்சத்திரம். அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறிய நட்சத்திரம். விரலால் பெரிதாக்கினால் அந்தச் சிறியதன் முனைகளிலும் நட்சத்திரங்கள்.

சபையில் மூத்தவர் ஒரு ஹாஜியார். ஐஸ் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மீன் வாடிகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் அவருடைய ஐஸ்தான். அவர் ஃபோனை வாங்கிப் பெரிதாக்கத் தொடங்கினார். பெரிதாக்கிக்கொண்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பெரிதாக்கினார்.

"தம்பி, இது எங்க போய் முடியுது?"

"முடியாது ஹாஜியார். எவ்வளவு உள்ளுக்குப் போனாலும் அதேதான் வரும். இதுக்கு ஃபிராக்டல் எண்டு பேர்."

"அப்ப ஏன் இப்ப நிண்டிட்டுது?"

"அது ஃபோன் சூடாகி நிண்டது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வேறொன்று ஞாபகம் வந்தது. அமைச்சைப் பெரிதாக்கிப் பார்த்தால் திணைக்களம். அதைப் பெரிதாக்கினால் மாவட்டச் செயலகம். அதற்குள் பிரதேச செயலகம், அதற்குள் ஒரு கிளை. எந்த அளவில் பார்த்தாலும் அதே மேசை, அதே இறப்பர் முத்திரை, 'நாளைக்கு வாங்க' என்று சொல்லும் அதே மனிதர். உத்தியோக காலம் முழுவதும் நான் அதற்குள்தான் இருந்திருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறதென்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கோலத்தையே சுவரில் டைலாகப் பதிப்பது, டைலை அவருடைய மனைவியே செய்து தருவது என்று தீர்மானமாயிற்று. மாதிரி டைல் கேட்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாதிரி பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பது என் மதம் அல்ல, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அவள் கையில் களிமண்ணோடு வாசலுக்கு வந்தாள்.

"சேர், பள்ளிக்காரர் உண்மையாவே என்னைத்தான் கேட்டாங்களா? இல்ல, இவர் வற்புறுத்தினதா?"

"தீர்மானம் நிறைவேறினது மகள். முன்மொழிந்தது யார், வழிமொழிந்தது யார் எண்டும் எழுதியிருக்கிறன்."

அவள் கையை உடுப்பில் துடைத்தாள். "என்ட கைபட்ட சாமான் எல்லாம் கண்டக்குழிக்குப் போகுது. அங்கயிருந்து எந்தெந்த நாட்டுக்கோ போகுது. இந்த ஊர்ல என்ட கை பட்டது ஒண்டும் இல்ல, சேர். உம்மா வீட்டுல ஒரு சீனிப் போத்தல் மூடி இரிக்கு, அவ்வளவுதான். சுவர் எண்டா நிண்டிடும், என்ன?"

நிற்கும் என்று சொன்னேன். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று எனக்கு அப்போதே விளங்கியது. ஆண்கள் மட்டும் வருகிற அந்த இடத்தில், தான் தினமும் பார்க்கவே முடியாத ஒரு சுவர், தன் ஊரில் நிற்க வேண்டும்.

அடுத்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் சண்டை. ஒழுங்கைக்கே கேட்டது. புருஷனுடைய கோலம் மிக நுணுக்கமானது. கையால் தீட்ட முடியாது. அதைத் தாளில் அச்சிட்டு டைலில் ஒட்டிச் சுட்டுவிடலாம் என்பது அவருடைய கட்சி.

"பள்ளிச் சுவர் முழுக்க ஸ்டிக்கரா? அதுக்கு என்னத்துக்கு நான்? உங்கட பெனர்க் கடையே போதுமே."

"அச்சு எண்டா எல்லாம் ஒரே மாதிரி வரும், பிள்ள."

"அதுதானே வேணாங்கிறன்."

மாதிரி பார்க்கிற சாக்கில் நான் மறுபடி போனபோது, இருவரும் கொட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். அவள் என்னைக் கண்டதும், "வாங்க சேர், நீங்களே பாருங்க" என்றாள். ஒரு டைலின் மேல் வெள்ளைக் களிமண் குழம்பை ஊற்றிப் பரவவிட்டாள். அது ஈரமாக மினுங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு தூரிகையின் நுனியை ஏதோ கறுத்த தண்ணீரில் தோய்த்து, டைலைச் சற்றுச் சாய்த்து, ஒரே ஒரு துளி தொட்டாள்.

துளி நின்ற இடத்தில் நிற்கவில்லை. கீழே ஒரு தண்டாக ஓடியது. தண்டு பிரிந்து கிளையாயிற்று. கிளை பிரிந்து சுள்ளியாயிற்று. சுள்ளியின் நுனியில் மயிர்போல இன்னும் சன்னமாகப் பிரிந்தது. மூச்சு விடுவதற்குள் வெள்ளையில் ஒரு மரம் நின்றது. இல்லை, கடலோரக் களப்பு வற்றுகிற காலத்தில் கற்பிட்டி வீதியிலிருந்து பார்த்தால் சேற்றில் தெரியுமே, சிறு ஓடைகள் பெரிய ஓடையில் வந்து சேர்வது, அதுதான்.

"இது என்ன தண்ணி?"

"கற்பிட்டிப் புகையில அவிச்ச தண்ணி. உப்பளத்துத் தள்ளுவண்டில சுரண்டின துரு அரைச்சுப் போட்டது. பீங்கான் கம்பனில ஒரு ஆள் விளையாட்டுக்குச் செய்வார். வெள்ளைக் குழம்புக்குப் புகையிலத் தண்ணியில ஒரு புளிப்பு இரிக்கே, அது ஒத்துக்கொள்ளாது. அதுதான் இப்பிடி ஓடுது. சுட்டா நல்ல கபில நிறத்துல நிக்கும்."

புருஷன் டைலுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் அதேதான், சேர்," என்றார் கொஞ்சம் தோல்வியோடு. "ஒரு சின்னக் கிளைய வெட்டிப் பெருசாக்கினா முழு மரம். நான் ஒரு வருஷமாக் கொம்பியூட்டர்ல எழுதினத இவள் ஒரு துளியில செய்றாள்."

"உங்கடது திரும்பவும் அதே மாதிரி வரும். என்டது வராது," என்றாள் அவள். அதைப் பெருமையாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

அதோடு சமாதானம். அவருடைய நட்சத்திரங்களின் கோடுகளைப் பச்சை மண்ணில் கீறுவது, கோடுகளுக்கு நடுவில் அவளுடைய மரங்களை ஓடவிடுவது. மாதிரியைச் சபையில் வைத்தேன். புகையிலைத் தண்ணீர் என்றதும் ஒருவர் முகத்தைச் சுளித்தார். வெற்றிலைக்குள் புகையிலை வைத்து அதக்கிக்கொண்டிருந்த ஹாஜியார் ஒன்றும் சொல்லவில்லை. எனவே அந்த ஆட்சேபனை பதிவாகவில்லை.

சுவர் முடிந்தது. உண்மையில் அழகாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நட்சத்திர வரிசை, கிட்டப் போனால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள்ளும் ஒரு காடு. மேசன் பதித்த நாட்களில் அங்கே எப்போதும் ஆண்கள் நின்றதால் அவள் வரவில்லை. புருஷன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஊர் முழுக்கப் பாராட்டியது. எனக்கும் பாராட்டில் ஒரு பங்கு வந்தது. அதை மறுக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

அதெல்லாம் முதலாவது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை வரைக்கும்தான்.

ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியார் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "செக்கட்டரி, இதுல இரிங்க." தான் வழக்கமாக உட்காரும் கட்டையில் என்னை உட்காரவைத்தார். "நேர பாருங்க. என்ன தெரியுது?"

"மரம்."

"சரியாப் பாருங்க. இது மூக்கு. இது செட்டை. கொக்கு ஒண்டு நிக்குது."

சொன்ன பிறகு பார்த்தால் கொக்கு நின்றது. அதுதான் பிரச்சினை. சொல்லும்வரை மரம், சொன்ன பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை மரமாக்க முடியவில்லை.

"என்னைக் குழப்பக்காரன் எண்டு நினைக்காதீங்க," என்றார் ஹாஜியார் மெதுவாக. "வுழூச் செய்யக்குள்ள மனசு ஒதுங்கி ஒரு இடத்துல நிக்கோணும். என்ட மனசு கொக்குக்குப் பின்னால போகுது. தொழக்குள்ளயும் போகுது. பள்ளியில உயிருள்ள உருவம் கூடாதெண்டு தெரியும்தானே, உருவம் வச்ச சுவருக்கு முன்னால இரிந்து கழுவிப்போட்டுத் தொழலாமா? சொல்லுங்க."

அவர் மனம் நொந்துதான் பேசினார். அதனால் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை, அது எனக்கு அபூர்வம்.

கொக்கு பற்றிய கதை பின்னேர அஸர்த் தொழுகைக்குள் பரவிவிட்டது. மறுநாள் ஒருவர் இறாலைக் கண்டார். இன்னொருவர் ஒட்டகத்தைக் கண்டார். மத்ரஸாப் பிள்ளைகள் வுழூச் செய்ய வேண்டிய தேவை இல்லாத நேரத்திலும் வந்து வரிசையில் நின்றார்கள். வழக்கமாக அவசரமாகக் கால் நனைத்துவிட்டு ஓடுகிறவர்கள் கூட இப்போது சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டபடி உட்கார்ந்தார்கள். தண்ணீர்த் தாங்கி காலியாயிற்று.

சபை கூடியது. சுவருக்குப் பூச்சு அடித்து மறைக்கலாம் என்று ஒருவர். டைலைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் கடை டைல் பதிக்கலாம் என்று ஒருவர். கண்டக்குழியில் ஒரு விடுதிக்காரர் இந்த டைலைக் குளியலறைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கே கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் நட்டமில்லை என்று இன்னொருவர். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சுவர் நின்றுவிடுமா என்று அவள் வாசலில் நின்று கேட்டதை அவர் கேட்டிருக்கவில்லை.

அந்த இடத்தில் நான் தலையிட்டேன். எந்த முறைப்பாட்டையும் சாட்சியம் இல்லாமல் ஏற்கக் கூடாது என்றேன். உருவம் கண்டவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, மற்றவருடன் கதைக்காமல், தாங்கள் கண்ட டைலில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இருவர் ஒரே டைலில் ஒரே உருவத்தைக் கண்டால் மட்டுமே அது உருவம். மிகவும் நியாயமான முறை. முறைப்பாடுகள் ஒன்றோடொன்று மோதித் தாமாகவே விழுந்துவிடும் என்பது என் கணக்கு.

என் கணக்கு ஒரு விதத்தில் சரியாகவே வந்தது. எந்த இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒரே டைலில் ஒருவர் முயலையும், ஒருவர் கடற்குதிரையையும், ஒருவர் பிரதேச சபைத் தலைவரையும் கண்டார்கள். ஆனால் ஆட்சேபனை இல்லாதவர்களும் புள்ளி வைக்க வந்துவிட்டார்கள். எதையாவது கண்டால்தான் மரியாதை என்று ஆகிவிட்டது. மாலையில் பார்த்தால் சுவரில் பெரும்பாலான டைல்களில் வெள்ளைப் புள்ளி. காலையில் கொக்கும் இறாலும் ஒட்டகமும் மட்டும் இருந்த சுவரில் என் ஒழுங்குமுறை ஒரு காட்டையே திறந்துவிட்டிருந்தது. இப்போது டைலைப் பெயர்க்கலாம் என்றவர்களின் கட்சி பெருத்தது. அடுத்த கூட்டத்தில் முடிவு என்று ஒத்திவைத்தோம்.

புருஷன் மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தார். "சேர், அவள் ஒருக்காப் பார்க்கோணுமாம். பெயர்க்கிறதுக்கு முந்தி."

நண்பகல் லுஹர்த் தொழுகைக்கு வெகுநேரம் முன், ஆள் இல்லாத வேளையில் அழைத்துவரச் சொன்னேன். அவள் வந்து சுவருக்கு முன் நின்றாள். தான் செய்த டைல்களைச் சுவராக அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதுவும் புள்ளி வைத்த சுவராக.

"எங்க சேர் கொக்கு?"

காட்டினேன். அவள் தலையைச் சாய்த்தாள். "இது கொக்கா? கிளை ஒண்டு தடிச்சு ஓடியிரிக்கு. அவ்வளவுதான்."

"நிண்டு பார்த்தாத் தெரியாது. கட்டையில இரிந்து பாருங்க."

தயங்கினாள். பிறகு ஹாஜியாரின் கட்டையில் உட்கார்ந்து, குழாயைத் திறந்து, கைகளை நனைத்து, தலையை நிமிர்த்தினாள். ஈரம் தெறித்த சுவரில் கீழிருந்து வெளிச்சம் பட்டு மின்னியது. ஒரு டைலிலிருந்து அடுத்த டைலுக்குக் கண்ணை ஓட்டினாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யா அல்லாஹ். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையே இஞ்சதான் இரிக்கு!"

புருஷனும் பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்தார். "நான் மேசைக்கு மேல வச்சு மேலயிருந்து பார்த்துத்தான் செஞ்சன்," என்றாள் அவரிடம். "நீங்களும் ஃபோன்ல நேராப் பார்த்தீங்க. பள்ளிக்கு வாற ஆக்கள் இவ்வளவு தாழ, இவ்வளவு கிட்ட இரிந்து பார்ப்பாங்க எண்டு நீங்களாவது சொல்லியிரிக்கலாமே! தினமும் அஞ்சு தரம் இரிக்கிறீங்கதானே?"

"முகம் கழுவக்குள்ள எனக்குக் கண்ணுல தண்ணி. எனக்கென்ன தெரியும்?"

அவள் எழுந்தபோது சிரிப்பு இல்லை. கடைசிக் குழாய் வரை சுவரோரமாக நடந்து போய்த் திரும்பி வந்தாள். "குளிக்கிற அறைக்குப் போடட்டும் எண்டு சொன்னாங்களாமே," என்றாள். "போட்டா, அங்க வாறவன் ஒட்டகத்தக் கண்டு சந்தோஷப்படுவான். ஆனா அது எனக்கு வேணாம், சேர். இத உடைச்சுப் போட்டாலும் பரவாயில்ல, அங்க குடுக்காதீங்க."

இவ்வளவு நாளும் சபையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், தொழுகை நடத்தும் எங்கள் மௌலவி. என்னுடைய மகன் வயது. அன்று மாலை நான் போய் நிலைமையைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தாத்தா வரைஞ்சதா, சேர்? இல்லாட்டி தானா வந்ததா?" எங்கள் ஊரில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.

"தானா வந்தது. நான் கண்ணால கண்டன்."

"நீங்க கண்டது போதாது. ஹாஜியாரும் காணோணும்."

இத்தனை வருடக் கூட்டங்களில் யாரும் சொல்லாத யோசனை. இடத்துக்கே போய்ப் பார்ப்பது. அதற்கு 'கள விஜயம்' என்று பெயரிட்டு நிகழ்ச்சி நிரலில் சேர்த்தேன்.

கொட்டிலில் நாங்கள் ஐந்தாறு பேர் நெருக்கி நின்றோம். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குழம்பை ஊற்றினாள், துளியைத் தொட்டாள், மரம் ஓடியது. ஒருவர் "சுப்ஹானல்லாஹ்" என்றார். மற்றவர்கள் இன்னும் குனிந்து பார்த்தார்கள்.

ஹாஜியார் கிண்ணத்தைத் தூக்கி மணந்து பார்த்தார். "நல்ல புகையில. எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "புள்ள, நீங்க கைய எப்பிடி வச்சீங்களோ யாருக்குத் தெரியும். கை பழகின ஆள் கொக்கும் போடலாம், குருவியும் போடலாம்."

"அப்ப நீங்களே போடுங்க, ஹாஜியார்," என்றாள் அவள். தூரிகையை நீட்டினாள்.

ஐஸ் கட்டிகளைத் தூக்கி உரமேறிய கை அது. தூரிகையை மீன் வெட்டும் கத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லி வைத்தார். துளி பெரிதாக விழுந்தது. இரண்டு பக்கமும் புரண்டு, கீழே ஓடி, நடுவில் ஒரு மேடுபோல் தேங்கி, நான்கு காலாகப் பிரிந்து இறங்கியது.

பின்னால் நின்ற புருஷன்தான் சொன்னார். "ஹாஜியார், ஒட்டகம்!"

"எங்க?"

"இது திமில். இது கழுத்து. நாலு காலும் இரிக்கு. எங்கட வீட்டுக்காரிக்குக் கூட இவ்வளவு வடிவா வராது."

எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஹாஜியாரின் காது சிவந்தது. "டேய், நான் ஒட்டகம் கீறல்ல! சும்மா ஒரு துளி வச்சன். அது தன்ட பாட்டுக்கு ஓடினதுக்கு நான் என்ன செய்ற? என்ட கை அசைஞ்சதா? மௌலவி, நீங்க பார்த்தீங்கதானே?"

"பார்த்தன் ஹாஜியார்," என்றார் மௌலவி.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது ஹாஜியாருக்கு உறைக்கச் சில கணங்கள் எடுத்தன. டைலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகக் கிண்ணத்தில் வைத்தார். "ம்... அப்ப அந்தக் கொக்கும் இப்பிடித்தான் வந்திரிக்கும்," என்றார்.

அதன் பிறகுதான் மௌலவி விளக்கினார். "வேணுமெண்டு உருவம் வரைஞ்சா அது ஒரு கதை. தானா ஓடி, பார்க்கிறவனுக்கு ஒவ்வொண்டாத் தெரிஞ்சா அது வேற கதை. மேகத்துலயும்தான் தெரியுது. மேகத்த யாரும் பெயர்க்கச் சொல்லல்லயே."

விடயம் முடிந்தது. நான் மனதுக்குள் தீர்மான வாசகத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போது அவள் சொன்னாள்:

"ஆனா ஒரு டைல் இரிக்கு."

திரும்பிப் பார்த்தோம்.

"கடைசிக் குழாய்க்கு மேல, மூலையில. அதுல ஒரு குருவி இரிக்கு. அது ஓடக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சிட்டுது. துடைச்சிட்டு வேற போட்டிருக்கலாம். வடிவா இரிந்திச்சு. விட்டுட்டன். அதோட..." ஒரு கணம் நிறுத்தினாள். "வாலுக்கு மட்டும் ஊசியால ஒரு இழு இழுத்தன்."

புருஷன் அவளைப் பார்த்த பார்வையில், 'ஏன் பிள்ள?' என்பது எழுதியிருந்தது. என் பார்வையிலும் அதுதான் இருந்திருக்கும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது உத்தியோகத்தில் நான் படித்த முதல் பாடம். அந்த ஒரு பாடத்தால்தான் நிம்மதியாக ஓய்வூதியம் வாங்குகிறேன்.

ஆண்கள் மட்டும் நேராகப் பள்ளிவாசலுக்குப் போனோம். கடைசிக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும், அங்கே யாரும் உட்காருவதில்லை. அதனால் அந்த டைலில் சுண்ணப் புள்ளி இல்லை. மௌலவி உட்கார்ந்து பார்த்தார். ஹாஜியார் உட்கார்ந்து பார்த்தார். நான் கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். கொக்கையும் ஒட்டகத்தையும் முயலையும் கண்ட அந்த ஊர்க் கண்களுக்கு அந்தக் குருவி மட்டும் தெரியவே இல்லை.

"எனக்கு ஒண்டும் தெரியல்ல," என்றார் மௌலவி புருஷனிடம். "யாருக்கும் தெரியாத ஒண்ட என்னத்துக்குப் பெயர்க்கோணும்? போய்ச் சொல்லுங்க, இரிக்கட்டும் எண்டு."

புருஷன் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். "இல்லயாம். தனக்குத் தெரியுமாம். அது போனாத்தான் மற்றச் சுவர் முழுக்கத் தன்டதாம்."

மௌலவி அந்த மூலை டைலை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, "அந்தத் தாத்தா சொன்னபடி செய்யுங்க," என்றார்.

சீமெந்தில் இறுகிய டைல் முழுதாக வராது. மேசன் உளியால் தட்டியபோது சில்லுச் சில்லாகத்தான் வந்தது. அந்த இடத்துக்கு வேறு டைல் வேண்டும். புதிதாக ஒன்று செய்து சுடுவதற்கு அவள் ஆயத்தமானபோது, ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைத் தனியே அழைத்தார்.

"செக்கட்டரி, அண்டைக்கு நான் போட்டது ஒண்டு இரிக்குதானே. அது சும்மாதானே கிடக்கு. அளவும் சரி."

"அதுல ஒட்டகம் இரிக்கு எண்டு சொல்றாங்களே."

"ஒட்டகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்குத் தெரியாதா? நான்தானே போட்டன்."

அதைச் சுட்டு எடுத்தாள். கபில நிறத்தில் நன்றாகத்தான் வந்திருந்தது. ஒரு காலை வேளையில் புருஷனோடு வந்து தானே அதைப் பதித்தாள். மேசனுக்கு விடவில்லை. சுற்றுக் கோடுகளை நட்சத்திரத்தோடு பொருத்தி, வெள்ளைச் சீமெந்தை விரலால் அமுக்கி, ஈரத் துணியால் துடைத்தாள். பிறகு சுண்ணப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு சுவர் நெடுகப் போனாள். புருஷன் உதவிக்குப் போனபோது, "நீங்க இரிங்க," என்று சொல்லித் தானே எல்லாவற்றையும் அழித்து முடித்தாள்.

போகும்போது என்னிடம் கேட்டாள். "சேர், இனிப் பெயர்க்க மாட்டாங்கதானே? முடிஞ்சிதா?"

எந்தத் தீர்மானத்தையும் உரிய அறிவித்தல் கொடுத்து மறுபடி எடுக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. அந்த வழி என்ன என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"முடிஞ்சிது மகள். சுவர் நிக்கும்," என்றேன்.

அன்று அஸருக்கு ஹாஜியார் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். தன் பழைய கட்டையைத் தாண்டிக் கடைசிக் குழாய்க்குப் போனார். சீமெந்து காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஒரு பையன், "ஹாஜியார், அதுல தண்ணி வராது, இஞ்சால வாங்க," என்று கூப்பிட்டான்.

"வரும், வரும். எனக்கு அவசரமில்ல."

நான் அடுத்த கட்டையில் உட்கார்ந்தேன். அவர் வெகுநேரம் டைலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"செக்கட்டரி, இதுல ஒட்டகம் இரிக்கா?"

"நீங்கதானே இல்லயெண்டீங்க."

"இல்லதான்," என்றார். நூலாக வந்த தண்ணீருக்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நிறையும்வரை காத்திருந்தார்.